சகல கதவுகளையும் திறக்கும் உரிமை கோரி ஒரு விண்ணப்பம்

மெடிபேங்க் மருத்துவக் காப்புறுதி நிறுவனத்தின் இயக்குநர் சபையாருக்கு, சிட்னி மாநகரத்து ஹரிஸ் பார்க்வாசி ஒருவன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

கனம் பொருந்திய ஐயன்மீர், அம்மையீர்,

2022ஆம் ஆண்டில் தங்களுடைய இந்நாள், முன்னாள் வாடிக்கையாளர்கள் சுமார் 97 லட்சம் பேரின் அந்தரங்கம் முகமறியாத அந்நியர் கைக்குப் போய்ச் சேர்ந்த வரலாற்றை, ஆஸ்திரேலியத் தகவல் ஆணையர் 2024 ஜூன் மாதம் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின் பத்திரங்களில் வாசித்த நாள்முதல், தங்கள் தாராள சிந்தையைக் குறித்து எனக்கு உண்டான வியப்பு இன்னும் அடங்கியபாடில்லை.

தங்களுக்குக் கணினிப் பணி செய்துகொடுத்த ஓர் ஒப்பந்ததாரரின் ஊழியருக்குச் சாதாரணக் கணக்கு ஒன்றும், ஏறக்குறைய எல்லா அமைப்புகளுக்குள்ளும் புக வல்ல ‘அட்மின்’ கணக்கு ஒன்றும் இருந்தனவென்றும், அவர் அவற்றின் கடவுச்சொற்களை அலுவலகக் கணினியில் தம் சொந்த பிரௌசரில் சேமித்துவைக்க, அவை தாமாகவே அவர் வீட்டுக் கணினிக்கும் சென்று குடியேறினவென்றும், அங்கிருந்து ஒரு திருட்டு மென்பொருள் அவற்றைக் கவர்ந்ததென்றும் ஆணையர் சொல்கிறார். வழக்கை எதிர்த்து வாதாடுவதாகத் தாங்கள் சொல்லியிருக்கிறீர்கள். தீர்ப்பு நீதிபதியின் பொறுப்பு, வியப்பு மட்டுமே என்னுடையது.

இங்கே அடுக்குமாடியில் குடியிருக்கும் எனக்குக் கட்டட நிர்வாகத்தார் கொடுத்திருக்கும் ‘ஃபாப்’ என்னும் மின்சாவி வாசற்கதவைத் திறக்கும், என் மாடிக்கு லிஃப்டை நிறுத்தும், அவ்வளவே. மேல்மாடி நண்பர் விருந்துக்கு அழைத்தால் அவரே கீழே இறங்கி வந்து என்னை அழைத்துப்போக வேண்டும். ஒருவனுடைய வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு உரிமைக்கு மேல் ஓர் அணுவும் தரலாகாது என்ற கணினிக் காவல் சாஸ்திரத்தின் பால பாடத்தை எங்கள் கட்டடத்துக் காரியதரிசி, அப்படியொரு சாஸ்திரம் இருப்பதை அறியாமலே, கடைப்பிடித்து வருகிறார்.

தூரத்திலிருந்து உள்ளே வருவோர் கைப்பேசிக்கு வரும் இரகசிய எண் போன்ற இரண்டாவது அத்தாட்சியையும் காட்ட வேண்டும் என்ற சம்பிரதாயத்தைத் தங்கள் நுழைவாயில் அப்போது அனுஷ்டிக்கவில்லை என்பதும் ஆணையரின் புகாரே. பெயரும் கடவுச்சொல்லும் சரியாயிருந்தால் வந்தவர் யாரென்று கேட்பது மரியாதையன்று எனக் கருதியிருப்பீர்கள்! ஆகஸ்டு 24, 25 தேதிகளில் காவல் மென்பொருள் எழுப்பிய அபாய அறிவிப்புகள் உரிய மின்னஞ்சல் முகவரிக்குத் தவறாமல் வந்துசேர்ந்தும் உரியவாறு கவனிக்கப்படவில்லையாம். பின்னர் அக்டோபர் வரையில், வந்தவர் நிதானமாக 520 கிகாபைட் அள்ளிக்கொண்டு போயிருக்கிறார். பிற்பாடு திருடர்கள் கேட்ட மீட்புத்தொகை, வாடிக்கையாளர் ஒருவருக்கு ஓர் அமெரிக்க டாலர் என்ற வீதம். நீங்கள் கொடுக்க மறுத்தது சரியே. எனினும், எங்கள் இரத்தக்கொதிப்பும் கர்ப்பச் சிகிச்சையும் மனநோய் மருந்தும் சேர்ந்து தலைக்கு ஒரு டாலர் என்று மதிக்கப்பட்டது என் மனத்தைச் சற்றே புண்படுத்திற்று.

அந்த 97 லட்சத்தில் 18 லட்சம் பேர் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள். மாலைவேளையில் விக்ராம் தெருவில் தோசைக்கும் பானிபூரிக்கும் காத்து நிற்கும் மாணவப் பிள்ளைகளைக் கேளுங்கள்: மருத்துவக் காப்புறுதி இல்லாமல் மாணவர் விசா இல்லை. சட்டம் வாங்கச் சொன்னதால் வாங்கினார்கள், படிவம் கேட்டதால் விவரம் கொடுத்தார்கள். பறிபோனவற்றில் அவர்களுடைய பாஸ்போர்ட் எண்களும் இருந்தன. கொடுக்காமலிருக்கும் உரிமை அவர்களுக்கு எந்தப் படிநிலையிலும் வழங்கப்பட்டிருக்கவில்லை.

ஆகையால் என் பிரார்த்தனை இதுவே. என்னைப்பற்றித் தாங்கள் வைத்திருக்கும் விவரத்தை நானே பார்க்க விரும்பினால், தனியுரிமைச் சட்டப்படி விண்ணப்பித்து, நான் நான்தான் என்று நிரூபித்து, நியாயமான காலம்வரை காத்திருக்க வேண்டியவனாயிருக்கிறேன். அந்நியருக்கு இத்தொல்லைகள் ஏதும் நேர்ந்ததாகத் தெரியவில்லை. எனவே, வாடிக்கையாளர் என்ற தாழ்ந்த படியிலிருந்து என்னை ‘அட்மின்’ பதவிக்கு உயர்த்தி உத்தரவிட வேண்டுகிறேன். அது இயலாதெனில், அந்தப் பதவியில் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள், எந்த வேலைக்காக இருக்கிறார்கள், வேலை முடிந்தபின் அவர்களிடமிருந்து அது திரும்பப் பெறப்படுகிறதா என்பதை ஆண்டுதோறும் எங்களுக்கு அறிவியுங்கள். பதிலைத் தபாலில் அனுப்பினால் போதும். மின்னஞ்சலில் வருவதை உரிய நேரத்தில் படிக்கும் பழக்கம் எனக்கும் குறைவு.

இங்ஙனம்,
சாதாரணக் கணக்கு மட்டுமே உடைய ஹரிஸ் பார்க்வாசி