துவைகல்லில் உதிர்வன பற்றியதோர் ஆராய்ச்சி

எந்த நூலுக்கும் பாயிரம் இன்றியமையாதது என்றும், அதில் ஆக்கியோன் பெயர் முதலாகப் பயன் ஈறாக எட்டுச் செய்திகள் அமைய வேண்டும் என்றும் நன்னூலார் விதித்திருப்பதால், அவற்றுள் என் பெயரை அடக்கத்தின் பொருட்டு விடுத்து, தேவையான சிலவற்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். நுதலிய பொருள், எங்கள் வீட்டுக் கொல்லையில் வேப்பமரத்தடியில், இரண்டு கருங்கல் துண்டுகளின்மேல் சற்றே சாய்வாகக் கிடத்தப்பட்டிருக்கும் துவைகல். எல்லை, வடக்கே செம்பருத்தி வேலி. தெற்கே, சோப்புத் தண்ணீர் குடித்தே தார் தள்ளும் வாழை. கிழக்கே கிணறும் அதை ஒட்டிய பவழமல்லியும். மேற்கே, பக்கத்து வீட்டு முருங்கை எங்கள் மதிலைத் தாண்டித் தலை நீட்டும் இடம். கேட்போர், என் தாயார், மனைவி, மகள் ஆகியோருள் அந்தச் சமயத்தில் அகப்படுகிறவர். பயன் இன்னதென்பது பின்னால் விளங்கும். இப்போதே சொன்னால், கட்டுரைக்குள் சொந்தக் காரியம் ஒன்று ஒளிந்திருப்பதாக வாசகர்கள் சந்தேகிக்கக்கூடும்.

ஆராய்ச்சிக்குக் காரணமாயிருந்தது ஓர் ஐயம். ஆண்டு எங்கே தொடங்குகிறது? தொல்காப்பியர் பெரும்பொழுதுகளைக் காரிலிருந்து சொல்லத் தொடங்குகிறார். உரைகாரர்கள் ஆவணியையும் புரட்டாசியையும் அதற்கு உரியனவாக்கினர். வடமொழியாளர் வசந்தத்தை முதலாக வைப்பர். அவர்களுள்ளேயே காளிதாசன் தன் ருதுசம்ஹாரத்தைக் கோடையில் தொடங்கிவிட்டான். பஞ்சாங்கக்காரரோ சித்திரை முதல் தேதியை விட்டு ஓர் அங்குலமும் நகர மாட்டார். பெரியோர் இவ்வாறு ஒருவரோடொருவர் மாறுபடும்போது நடுநிலை வழுவாத சாட்சி ஒன்றைத் தேடுவதே முறையாதலால், எந்தக் கட்சியையும் சாராததும், எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் வெயிலிலும் மழையிலும் ஒரே இடத்தில் கிடப்பதும், எங்கள் குடும்பத்து மூன்று தலைமுறையாரிடமும் பாரபட்சமின்றி அடி வாங்கியதுமான துவைகல்லையே கேட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். ஓராண்டுக் காலம், நாள்தோறும் விடியலில் காப்பி டம்ளருடன் கிணற்றடியில் அமர்ந்து, இரவில் அக்கல்லின்மேல் உதிர்ந்தவற்றை அவதானித்தேன். இதற்கு வீட்டிலே ‘சும்மா உட்கார்ந்திருக்கிறார்’ என்று ஒரு பாடம் வழங்குகிறது. அது பிழைபட்ட பாடம்.

கல்லின் கணக்குப்படி ஆண்டு மாசியில் பிறக்கிறது. முந்தின நாள் வரை ஒன்றும் அறியாததுபோல நின்ற வேம்பு, ஒரு காலையில் மஞ்சள் இலைகளைக் கொட்டத் தொடங்கி, பத்துப் பதினைந்து நாளில் கிளைகளை வெறுங்கையாய் விரித்துக் காட்டும். “பெருக்கி முடித்துத் திரும்பிப் பார்த்தால் பெருக்காத மாதிரியே இருக்கிறது” என்று என் மனைவி துடைப்பமும் கையுமாக நின்று சொல்லும் அந்த வாக்கியத்தைவிடப் பிரபஞ்சத்தின் அநித்தியத்தைச் சுருங்கச் சொன்ன வேதாந்தியை நான் அறியேன். அவள் அலுத்துத் துடைப்பத்தைச் சாத்திய மறுவாரமே செப்புத் தகடு போன்ற தளிர் மினுமினுக்கும். தளிர் பச்சையாகித் தடிப்பதற்குள் பங்குனி பாதியில் பூ வந்துவிடும். கண்ணில் புரை விழுந்துவிட்ட என் தாயார் அதைக் காண்பதில்லை. திண்ணையில் இருந்தபடியே ஒரு நாள் மாலையில் முகத்தைச் சற்று நிமிர்த்தி, “ஏண்டா, வேம்பு பூத்துடுத்தா, பார்” என்பார். நான் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து “ஆமாம்” என்பேன். பார்க்கப் போவது மரியாதைக்காகத்தான். அவர் மூக்கு இதுவரை தவறியதில்லை.

இந்தப் பூவின் வம்ச கௌரவத்தை இங்கே நினைவூட்டாவிட்டால் ஆராய்ச்சி நிறைவுறாது. சோழனுக்கு ஆத்தியும் சேரனுக்குப் பனையும் போலப் பாண்டியனுக்கு உரிய மாலை வேம்பு. தாவர நூலார் அதற்கு வழங்கும் ‘அசாடிராக்டா’ என்ற பெயரோ, சுதந்திர மரம் என்று பொருள்படும் பாரசீகச் சொற்களிலிருந்து பிறந்தது. இவ்வாறு மதுரை மன்னன் மார்பிலும் பாரசீக மொழியிலும் இடம்பெற்ற பூ, பற்கள்போல் வெளுத்த ஐந்து சிற்றிதழ்களுடன் இரவெல்லாம் எங்கள் துவைகல்லின்மேல் ஓசையின்றி விழுந்து, விடியலில் சேகரிக்கப்பட்டு, வெயிலில் உலர்ந்து, நெய்யில் கருக வறுபட்டு, ரசமாக என் இலைக்கு வந்து சேர்கிறது என்பது இவ்வாராய்ச்சியின் தலையாய முடிபு. சித்திரை முதல் நாளில் வெல்லத்தோடும் மாங்காயோடும் பச்சடியாகவும் வரும். முடியுடை மன்னர் தலையில் வாடுவதைக் காட்டிலும் இது மேலான கதி என்பது என் துணிபு.

முதுவேனிலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆனி ஆடியில் வேப்பம்பழம் பழுத்து, காகமும் மைனாவும் தின்று கொட்டை துப்பி, கல் முழுவதும் பிசுபிசுக்கும்; வெள்ளை வேட்டிகள் கறைபடும்; வீட்டில் சில சொற்கள் பேசப்படும்.

கார்காலத்தில்தான் ஒரு சிக்கல். இலக்கணத்தின்படி கார் என்பது ஆவணி, புரட்டாசி. ஆனால் எங்கள் காவிரிக்கரைப் பக்கத்தில் பெருமழை வடகிழக்குப் பருவக்காற்றுடன் ஐப்பசியில்தான் வருகிறது; மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி ஐப்பசியை ஒட்டிய அந்த மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. இலக்கணத்துக்கும் மேகத்துக்கும் உள்ள இந்த விவகாரத்தைத் தீர்க்க முயன்று, ஐப்பசி மாதத்து ஒரு காலையில், பச்சைப் பட்டுப் போர்த்தாற்போல் பாசி படர்ந்திருந்த கல்லின்மேல் ஏறி நின்று வானத்தை நோக்கினேன். அந்தப் பருவத்தில் துவைகல்லிலிருந்து உதிர்ந்தவற்றுள் இக்கட்டுரையாசிரியனும் ஒருவன் என்பதை ஆராய்ச்சி நேர்மை கருதிக் குறிப்பிட வேண்டியிருக்கிறது. முழங்காலுக்கு என் மனைவி தேங்காயெண்ணெயும் மஞ்சளும் போட்டுக்கொண்டிருக்கையில், “மழை எப்போது என்று திண்ணையிலிருந்தே தெரியாதா?” என்று கேட்டாள். ஆட்சேபம் பொருத்தமானதே.

கார்த்திகைத் தீபத்தன்று வாசல், மாடம், கிணறு, எருக்குழி என்று ஒன்றுவிடாமல் அகல் வைத்துக்கொண்டு வரும் என் மகள், துவைகல்லின்மேலும் ஒன்றை வைப்பாள். ஆண்டு முழுவதும் அழுக்கையே கண்ட கல், மழை ஓய்ந்த அந்த ஈர இரவில் ஒரு நாழிகை நேரம் பீடமாகிவிடும். இதைப் பற்றி எழுத என்னிடம் ஆராய்ச்சிச் சொற்கள் இல்லை.

பவழமல்லி ஒரு தனி அதிகாரம் பெறத் தக்கது. அந்தியில் மலர்ந்து விடிவதற்குள் உதிர்ந்துவிடும் அதன் இயல்பைக் கண்டு இரங்கியோ என்னவோ, லின்னேயஸ் 1753-ல் வெளியிட்ட தம் நூலில் அதற்குத் ‘துயர மரம்’ என்று பொருள்படும் பெயரிட்டார். அவர் ஸ்வீடன் தேசத்தவர். மார்கழி விடியலில் பரங்கிப்பூச் செருகிய கோலத்தை முடித்த கையோடு ஒரு சிறுமி பின்வாசலுக்கு ஓடிவந்து, குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு, செங்காம்பு மேலாகக் கவிழ்ந்து கிடக்கும் அப்பூக்களை ஒவ்வொன்றாகப் பாவாடையில் எடுத்துப் போடுவதைக் காணும் வாய்ப்பு அவருக்கு இருந்ததில்லை. மண்ணில் விழுந்த பூ பூஜைக்காகாது என்ற விதியினின்று இதற்கு மட்டும் விலக்களித்த பெரியவர்களுக்கு அவ்வாய்ப்பு இருந்திருக்க வேண்டும். அதே கல்லில் பக்கத்து வீட்டு முருங்கைப்பூவும் அவ்வப்போது காணப்படுகிறது. அதை இடைச்செருகல் என்று தள்ளிவிடலாமா என யோசித்தேன். காய் எங்கள் பக்கம் தொங்கும்போது அவ்வாறு யோசிப்பதில்லை என்பது நினைவுக்கு வரவே, மூலபாடமாகவே ஏற்றுக்கொண்டேன்.

முன்பனி, பின்பனி ஆகியவற்றின் வேறுபாட்டை அறிய, தை மாதத்து ஓரிரவு அரைமணிக்கு ஒருமுறை கல்லை விரலால் தடவிப் பார்க்கத் தொடங்கினேன். மூன்றாம் தடவையில் தாயார், “தலையில் துண்டில்லாமல் இந்தப் பனியில் யாரடா அங்கே?” என்று குரல் கொடுத்தார். ஐம்பது வயதில் அந்தக் கேள்வியைக் கேட்கும் பாக்கியத்தோடு ஆராய்ச்சியை நிறுத்திக்கொண்டேன்.

இனிப் பயன். அதே தை மாதத்தில் எங்கள் வீட்டுக்குத் துணி துவைக்கும் இயந்திரம் வந்தது. துவைகல்லைப் பெயர்த்துவிட்டு அவ்விடத்தில் சிமென்ட் தளம் போடுவதென்று குடும்ப சபையில் தீர்மானமாகி, கொத்தனாருக்கு முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. அத்தீர்மானத்தை எதிர்த்து நான் சமர்ப்பித்த ஆட்சேப மனுவே மேற்கண்ட கட்டுரை. நேற்று இரவு, சாப்பாடு முடிந்த பின், மூவருக்கும் இதை வாசித்துக் காட்டினேன்.

தாயார் ஒன்றும் சொல்லவில்லை. மகள் தன் பெயர் எங்கும் வரவில்லையே என்று வருத்தப்பட்டாள். மனைவி கடைசி வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “என்னங்க, கல்மேல் விழுந்த பூவையா ரசத்தில் போடுவார்கள்? சோப்பு வாடை அடிக்காதா? மரத்துக்கு அந்தப் பக்கம் பழைய வேட்டியை விரித்துவைத்து, அதில் விழுவதைத்தான் எடுக்கிறேன்” என்றாள். தலையாய முடிபு அத்துடன் வீழ்ந்தது. ஓராண்டு அவதானித்தும் அந்த வேட்டி என் கண்ணில் படவில்லை. அது என்னுடைய வேட்டியாம்.

இருந்தாலும் கல் அங்கேயே இருக்கும். அதில் உட்கார்த்தி வைத்துத்தான் அவள் என் தாயாருக்கு வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்துவிடுகிறாள். கொத்தனாரை வேண்டாமென்று அவளே காலையில் சொல்லியனுப்பிவிட்டாள். முன்பணம் இன்னும் திரும்பி வரவில்லை.