'ஊமை விழிகள்': மலைப்பாடமும் அதன் சிதைவும்

சின்ன வயதில் நடுங்கிப் பார்த்த கொலைப்படத்தைப் பல ஆண்டு கழித்துப் பார்த்து ஏமாந்தவர்கள், பழியைப் படத்தின் மேல் போடுவார்கள். இல்லையென்றால் தங்கள் வயதின் மேல் போடுவார்கள். இரண்டும் பிழை. ஏமாற்றத்துக்குக் காரணம் பாடபேதம். அன்று ரசித்தது ஒரு பிரதி, இன்று கைபேசியில் ஓடுவது வேறொரு பிரதி. இதை நிறுவ எடுத்துக்கொண்ட ஆய்வுப்பொருள் 1986 ஆகஸ்ட் 15 அன்று வெளியான 'ஊமை விழிகள்'. ஆய்வுக்களம் ஜவ்வாது மலை.

ஏன் ஜவ்வாது மலை என்று கேட்கலாம். அதே 1986 ஜனவரி 6 அன்றுதான் இம்மலையின் காவலூரில் பெரிய தொலைநோக்கியைப் பிரதமர் ராஜீவ் காந்தி திறந்துவைத்து, அதற்கு வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். அதன் கண்ணாடியின் விட்டம் 2.34 மீட்டர். 'ஊமை விழிகள்' சினிமாஸ்கோப் படம். அதன் திரை, உயரத்தைப்போல் 2.35 மடங்கு அகலம். ஒரே ஆண்டில் இரண்டு விழிகள் திறந்திருக்கின்றன, வித்தியாசம் 0.01 மட்டுமே. இதைத் தற்செயல் என்று சொல்பவர்கள் யாரும் முனைவர் பட்டம் வாங்கி உருப்பட்டதில்லை.

படத்தைப் பற்றிச் சுருக்கமாக. திரைப்படக் கல்லூரி மாணவர்கள் கூடி எடுத்தது. ஆபாவாணன் தயாரிக்க, அரவிந்தராஜ் இயக்கினார். விஜயகாந்த் போலீஸ் அதிகாரி, ஜெய்சங்கர் பத்திரிகை ஆசிரியர். ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஓர் உல்லாச விடுதி. அங்கே வரும் பெண்கள் காணாமல் போகிறார்கள். ஒரு கிழவி, இருட்டில் ஒரு குதிரை வண்டி. 'அதே கண்கள்' (1967) படத்தில் கொலைகாரனைத் தேடி அலைந்த ரவிச்சந்திரன்தான் இதில் வில்லன். கண்களில் தேடியவர் விழிகளில் தேடப்படுகிறார். இதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

இனி மலைப்பாடம். ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு மலைப்பாதையில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். சாமை, புளி, தேன் என்று எதையாவது விற்க இறங்கியவர்கள் வேலை முடித்துக் கொட்டகைக்குள் நுழையும்போது ஃபர்ஸ்ட் ஷோ ஓடிக்கொண்டிருக்கும். படம் முடியும் வரை உட்கார்ந்தால் மலைக்குப் போகும் கடைசி பஸ் போய்விடும். ஆகவே கொலைகாரன் பிடிபடுவதற்கு முன்பே எழுந்து ஓடிவந்தவர்கள் உண்டு. 'சைக்கோ' (1960) வெளியானபோது, படம் தொடங்கிய பின் வருபவர்களை உள்ளே விடக் கூடாதென்று ஹிட்ச்காக் கண்டிப்பாகச் சொன்னார். உலகம் அவரைக் கொண்டாடியது. படத்தின் முடிவைத் தன் கையில் வைத்திருந்த கடைசி பஸ் டிரைவரைப் பற்றி ஒரு நூல்கூட இல்லை.

பாதியில் எழுந்து வந்தவர் என்ன செய்வார்? பஸ்ஸிலேயே கதை சொல்லத் தொடங்குவார். மறுநாள் களத்து மேட்டில் சொல்வார். பார்க்காத முடிவையும் பார்த்ததுபோலவே சொல்வார். அதைக் கேட்டவர் அடுத்த ஊரில் சொல்வார். இப்படி உண்டானதே மலைப்பாடம். எனக்குக் கிடைத்த ஒரு பாடத்தில் வண்டியிழுக்கும் குதிரைக்குக் கண் இல்லை. இன்னொன்றில் வண்டி வருவதற்கு முன்பே ஊர் நாய்கள் அத்தனையும் வாயடைத்துப் போகின்றன. வேறொன்றில் கிழவி யாருக்கோ அக்காள். யாருக்கென்று சொல்வதற்குள் சொன்னவருக்குப் பலாப்பழம் அறுக்கும் வேலை வந்துவிட்டது. படத்தில் இவை ஏதும் இல்லை. மூன்றுமே படத்தைவிட நன்றாக இருக்கின்றன.

பார்க்காததை வைத்து ஆராய்ச்சியா என்று சிரிக்க வேண்டாம். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, கோள் வந்து மறைப்பதற்கு முன்பே நட்சத்திர ஒளி மங்கி மங்கி மீண்டதைக் காவலூரிலும் பதிவுசெய்தார்கள். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டென்று அப்படித்தான் தெரிந்தது. ஒளி போன இடத்தில் வளையம் அகப்படும்போது, ஆள் எழுந்து போன இடத்தில் கதை அகப்படாதா?

சோதனைக்காக, அந்தக் காலத்தில் இந்தப் படத்தைச் சொல்லிப் பெயர் வாங்கிய ஒரு பெரியவருக்குக் கைபேசியில் முழுப்படத்தையும் போட்டுக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். "இன்னா சார் இது? இது அந்தப் படமே இல்ல. நடுவுல யாரோ கைய வெச்சிருக்கான்" என்றார். உ.வே.சா. ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுப் பார்த்து இடைச்செருகலைக் கண்டுபிடித்த முறையும் இதுவே. ஆனால் பெரியவருக்குச் சுவடி தேவைப்படவில்லை.

அவர் சொன்னதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. சினிமாஸ்கோப் படத்தைப் பழைய டி.வி.யின் 4:3 சட்டத்தை அடைக்கும்படி வெட்டினால் அகலத்தில் சுமார் 43 விழுக்காடு போய்விடும். திகில் படத்தில் ஆபத்து நடுவில் நிற்காது, ஓரத்தில்தான் நிற்கும். டி.வி.யிலும் டெக் வாடகைக்கு எடுத்தும் பார்த்தவர்கள் கொலைகாரன் இல்லாத பாதியைப் பார்த்துவிட்டுப் பயம் வரவில்லை என்கிறார்கள். முழு அகலமும் கிடைக்கும் கைபேசியிலோ குதிரை வண்டி தீப்பெட்டி அளவுகூட இல்லை. கொட்டகைக்கு இருட்டும் வேண்டும். காவலூர்க்காரர்கள் இருட்டைத் தேடித்தான் மலையேறினார்கள். நாம் டியூப்லைட்டைப் போட்டுக்கொண்டு ஊமை விழிகளைப் பார்க்கிறோம்.

இங்கே ஒரு தடை எழும்: படமே சுமாராக இருந்தால்? அதற்கு விடை. பத்திரிகை ஆபீசும் அரசியலும் வரும் பகுதிகள் இன்று நீளமாகத்தான் தெரிகின்றன. கொலை நடக்கும் ஊரில் இத்தனை பாட்டு எதற்கென்றும் தோன்றுகிறது. பி.பி. ஸ்ரீனிவாஸ் குரலில் வரும் அந்த நம்பிக்கைப் பாட்டை மட்டும் விட்டுவிடலாம். அது வந்தால் எந்த ஆய்வாளரும் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். இரவுக் காட்சிகளின் ஒளிப்பதிவு இன்றும் வலுவாகவே நிற்கிறது. ஆகவே சுமார் என்ற வாதம் செல்லாது, பாதிதான் செல்லும்.

ஏமாற்றத்துக்கு இன்னொரு காரணம், நடிகர்களின் முகங்கள் நம்மோடு சேர்ந்து பயணம் செய்வது. மணிவண்ணனின் 'நூறாவது நாள்' (1984) படத்தில் மொட்டைத் தலையும் வட்டக் கண்ணாடியும் சிவப்புக் கோட்டுமாக வந்த சத்யராஜைக் கண்டு குழந்தைகள் அம்மா முந்தானைக்குள் ஒளிந்தன. 'பாகுபலி'க்குப் (2015) பிறகு அதே மொட்டையைப் பார்க்கும் பேரன் "ஐ, கட்டப்பா!" என்று கை தட்டுகிறான். கட்டப்பாவை வைத்துக்கொண்டு எப்படிப் பயப்படுவது? 'நூறாவது நாள்' படத்தின் கடைசித் திருப்பத்தைப் பற்றியும் எழுத நிறைய உண்டு. பஸ்ஸுக்கு ஓடியவர்கள் இன்னும் உயிரோடு இருப்பதால் எழுதவில்லை.

முடிபு: 'ஊமை விழிகள்' படத்தின் மூலபாடம் மலையில்தான் இருக்கிறது. இணையத்தில் கிடைப்பது பிற்காலப் பிரதி, சிதைவு மிக்கது. ஜமுனாமரத்தூர், காவலூர், ஆலங்காயம் வட்டாரங்களில் இந்தப் படத்தின் கதையைக் காதால் மட்டும் கேட்டவர்கள் இருந்தால், தங்கள் பாடத்தை அனுப்பி உதவ வேண்டும். குறிப்பாக, கிழவி யாருக்கு அக்காள் என்பது உடனே தெரிய வேண்டும். படத்தை முழுதாகப் பார்த்தவர்கள் எழுத வேண்டாம்.