ஓசிப் படிப்புக்குப் போற பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, அக்டோபர்ல ஜெர்மனிக்குக் கிளம்புதியாமே. ஆகன் ஊர்ல எம்.எஸ். படிப்பாம். உங்கப்பன் டீக்கடையில உக்காந்துக்கிட்டு, "அங்க படிப்புக்குப் பீஸே கிடையாது சித்தப்பா"ன்னு வாரவன் போறவன்கிட்டயெல்லாம் சொல்லுதான். சந்தோசம். பீஸே இல்லாத படிப்புக்கு வீட்டுப் பத்திரம் எதுக்கு பேங்குக்குப் போச்சுன்னுதான் எனக்கு விளங்கல.

விசாரிச்சேன். பீஸ் இல்லங்கிறது பெரும்பாலான அரசாங்கப் பல்கலைக்கழகத்துல நெசந்தான். ஆனா ஒரு வருசத்துச் சோத்துக்கும் வாடகைக்கும் 11,904 யூரோவை முன்னாடியே ஒரு கணக்குல போட்டுக் காட்டணும், அப்பதான் விசா. நம்ம காசுக்குப் பத்து லட்சத்துக்கு மேல. அதையும் ஒரேயடியா எடுக்க முடியாது, மாசம் 992 யூரோதான் கைக்கு வரும். நல்ல ஏற்பாடு. உங்கப்பன் இத்தனை வருசமா அடக்க முடியாத உன் கைச்செலவை அந்த நாட்டுக்காரன் ஒரு கணக்கைத் தொறந்து அடக்கிட்டான் பாத்தியா? நீ அதுக்கெல்லாம் அசராத. முதல் மாசமே ஐபோன் வாங்கிரு. பசிச்சா அதுல இருக்கிற ஆப்பிளைக் கடிச்சுக்கிடலாம். ஏற்கெனவே ஒரு கடி கடிச்சுத்தான் வச்சிருக்கான்.

குடி போன ரெண்டு வாரத்துக்குள்ள நகர ஆபீஸ்ல போய், "நான் இந்த வீட்டுலதான் இருக்கேன்"னு பதியணுமாம். ரேசன் கார்டுல பேரைச் சேக்க எழுந்திருக்காத பய நீ, அங்க காலையில குளிச்சு, தலைசீவி, பைலைக் கக்கத்துல வச்சுக்கிட்டுப் போவ. பதிஞ்ச கையோட ஒரு கடுதாசி வரும்: ரேடியோவுக்கும் டிவிக்கும் மாசம் 18.36 யூரோ கட்டுன்னு. "எங்கிட்ட டிவியே இல்ல"ன்னு எழுதிப் பாரு. இல்லாத டிவிக்கும் சேத்துத்தான் அந்தக் காசுன்னு பதில் வரும். வீட்டுக்கு ஒரு கட்டணம்தான். நாலு பேரு சேந்து இருந்தா நாலாப் பங்கு போட்டுக்கிடுங்க. கடுதாசியைப் பிரிக்காம மட்டும் வச்சிராத. அங்க எல்லாத் தொல்லையும் தபால்லதான் வரும்.

ஞாயித்துக்கிழமை கடை கண்ணி அடைப்பு. சனிக்கிழமை சாயங்காலமே பாலும் ரொட்டியும் வாங்கி வச்சுக்கோ. ஞாயித்துக்கிழமை சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது. காலிக் கண்ணாடிப் பாட்டிலைத் தொட்டியில போட்டாக்கூடச் சத்தம்னு பக்கத்து வீட்டுக் கிழவி வந்து நிப்பா. பிளாஸ்டிக் பாட்டிலையும் தகர டப்பாவையும் வீசிராத. கடையில உள்ள மிசின்ல போட்டா ஒண்ணுக்கு 25 சென்ட் திரும்பி வரும். இங்க குடிச்ச பாட்டிலைக் கட்டிலுக்கடியில உருட்டிவிட்ட ராசா, அங்க பொங்கலுக்கு வெல்லம் எண்ணுத மாதிரி எண்ணி எண்ணிப் பையில போடுவ.

படிப்புக்கு வருவோம். பத்து மணி வகுப்புன்னா பல இடத்துல பத்தேகாலுக்குத்தான் ஆரம்பிப்பாக. அந்தக் கால்மணி நேரத்தை மட்டும் பாத்துட்டு, இது நம்ம ஊருதான்னு நெனைச்சிராத. வாத்தியார் பாடத்தை முடிச்சதும் கை தட்டக் கூடாது, மேசையைத் தட்டணும். பள்ளிக்கூடத்துல மேசையைத் தட்டி முட்டி போட்டவன் நீ. அங்க அதுக்குப் பேரு மரியாதை. பெரும்பாலான பாடத்துக்கு வருகைப் பதிவும் கிடையாது. எவனும் எழுப்ப மாட்டான், எவனும் திட்ட மாட்டான். தூங்கு, நல்லாத் தூங்கு. செமஸ்டர் கடைசியில பரீட்சைன்னு ஒண்ணு வரும். வழக்கமா மூணு தடவைதான் எழுத விடுவான். கட்டாயப் பாடத்துல மூணாவது தடவையும் போச்சுன்னா, பேரை அடிச்சு வெளிய அனுப்பிருவான். அதே படிப்பை அந்த நாட்டுல வேற பல்கலைக்கழகத்துல போய்த் தொடரவும் விடமாட்டான். ஒரு வசதி உண்டு. மார்க்குல அங்க ஒண்ணுதான் உசத்தி, அஞ்சுன்னா பெயில். அம்மாகிட்ட "அஞ்சு வாங்கிட்டேன்"னு சொல்லு, பாயசம் வச்சுருவா.

ஆகன் ஊர்ப் பெரிய கோயிலைக் கட்டினது சார்லமேன்னு ஒரு ராசா. யுனெஸ்கோ 1978ல உலகச் சொத்துன்னு முதல் பட்டியல் போட்டப்பவே அதையும் சேத்துட்டாக. கட்டும்போது காசு தீந்துபோச்சு, ஊர்க்காரங்க பேய்கிட்டக் கடன் வாங்கினாகன்னு ஒரு கதை. முதல்ல உள்ள நுழையுற உசிரு எனக்குன்னு பேய் சொல்லுச்சாம். கட்டி முடிச்சதும் ஒரு ஓநாயை உள்ள விரட்டிவிட்டுட்டாக. ஏமாந்த பேய் ஆத்திரத்துல கதவை அறைஞ்சதுல கட்டைவிரல் சிக்கிக்கிடுச்சாம். இப்பவும் சிங்கத்தலைப் பிடிக்குள்ள விரலைவிட்டா அது தட்டுப்படும்ங்காக. போய்ப் பாரு, தொட்டும் பாரு. ஆனா நமக்குக் கடன் குடுத்தது பேய் இல்ல, பேங்கு மேனேஜரு. அவரு ஓநாயை வாங்கிக்கிட மாட்டாரு.

பக்கத்துலயே ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் மூணும் முட்டுற இடம் இருக்காம். மூணு நாட்டுலயும் காலை வச்சுப் போட்டோ போடுவ. அந்தக் குன்னு 322 மீட்டர் உசரம். ஐரோப்பாவுல இருக்கிற நெதர்லாந்துக்கு அதுதான் பெரிய மலை. ஏறிட்டு எவரெஸ்ட்டுன்னு ஸ்டேட்டஸ் வச்சிராத.

இப்ப நான் சொல்ல வந்ததைக் கேளு. 2023-24 குளிர்கால செமஸ்டர்ல அந்த நாட்டுல படிச்ச நம்ம நாட்டுப் பிள்ளைக சுமார் 49,000 பேரு. வேற எந்த வெளிநாட்டுக்காரனும் அத்தனை பேரு இல்ல. அதனால ஒரு ஜெர்மன்காரன் மொகத்தையும் பாக்காம ரெண்டு வருசத்தை ஓட்டிரலாம். நாலு தமிழ்ப் பயலுக ஒரு வீடு, ஒரு குக்கர், ராத்திரி சீட்டு, ஞாயித்துக்கிழமை பிரியாணி. பாடமும் இங்கிலீசுல. வாயைத் தொறக்க வேண்டிய அவசியமே இல்ல. பாஸ் பண்ணினதுக்கப்புறம் வேலை தேடிக்கோன்னு 18 மாசம் இருக்க விடுவான். அப்ப கம்பெனிக்காரன் கேப்பான், ஜெர்மன் தெரியுமாலேன்னு. நீ பிரியாணியைக் காட்டுவ.

படிக்கும்போதே வருசத்துக்கு 140 முழு நாளு வேலை பாக்கலாம். குடோன்ல பெட்டி தூக்கினாலும் காசு வரும், நான் குறை சொல்லல. ஆனா வாத்தியாருக்கு ஒத்தாசையா பல்கலைக்கழகத்துக்குள்ளயே வேலை கிடைச்சா அதை விடாத. அந்த நாளு 140ல சேராது. உன் பேரும் நாலு பேருக்குத் தெரியும். டிசம்பர்ல நாலரை மணிக்கெல்லாம் இருட்டிரும், மனசு சோரும். அப்ப வீட்டுக்குப் பேசு. அங்க சாயங்காலம் அஞ்சுன்னா இங்க ஒம்பதரை. உங்கம்மா முழிச்சுத்தான் இருப்பா.

முதல் தடவையே பரீட்சையை எழுதி முடி. ஜெர்மனை அங்க போய்ப் பாத்துக்கிடலாம்னு தள்ளாத. சென்னையில மாக்ஸ் முல்லர் பவன் இருக்கு, இந்த வாரமே சேரு. அதுக்கு விசா வேண்டாம்லே.