ஒரு பின் மட்டும் கேட்காதீர்கள்

கடலோரத்து அடுக்குமாடிக் குடியிருப்பு எதை எடுத்துக்கொண்டாலும் அதில் ஒரு டீச்சரம்மா இருப்பார். தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் குரோஷா ஊசி, மடியில் நூல்கண்டு, மூக்கு நுனியில் கண்ணாடி. தாராள மனசு. மாதக்கணக்கில் உட்கார்ந்து பின்னிய மேசை விரிப்பை யாராவது "நல்லாயிருக்கே" என்று சொல்லிவிட்டால் போதும், அங்கேயே மடித்துக் கையில் கொடுத்துவிடுவார். பக்கத்து வீட்டுக் குழந்தையின் குல்லா, காய்கறிக்காரம்மா மகளின் கைப்பை, வாட்ச்மேனின் செல்போன் உறை எல்லாம் அவர் உபயம்தான். ஆனால் ஒரே ஒரு பின் கேட்டுப் பாருங்கள். முகம் ரேஷன் கடை ஷட்டர் மாதிரி சரேலென்று இறங்கிவிடும்.

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பூவேலையாகப் பின்னியது எதுவும் ஊசியை விட்டு இறங்கும்போது சுருண்டு, கோணிக்கொண்டுதான் இருக்கும். அதை நனைத்து, முறுக்காமல் ஈரத்தை ஒற்றியெடுத்து, மெத்தென்ற பாயில் விரித்து, இதழ் இதழாக இழுத்துப் பின் குத்திக் காயவிட வேண்டும். பிளாக்கிங் என்பது இதுதான். டீச்சரம்மாவின் பாய், குழந்தைகள் தவழ்வதற்கு விற்கிற ஏ பி சி டி ஃபோம் பாய். சூரியகாந்தி விரிப்பு ஒன்று க்யூ எழுத்தின் தலைமேல் ராத்திரி முழுக்கக் காய்ந்துகொண்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகை என்றால் மறுநாள் பகலும் காயும். அத்தனை நேரம் ஈரத்தில் நிற்கிற பின் துருப்பிடித்தால் வெள்ளை நூலில் சுற்றிலும் செம்பொட்டு. எலுமிச்சம்பழச் சாறும் உப்பும் தடவி வெயிலில் போட்டால் போகும் என்பார்கள். எல்லாக் கறையும் போய்விடுமென்று யாரும் எழுதித் தருவதில்லை. ஜன்னல் கம்பியையே தின்றுவிடுகிற உப்புக்காற்று, பின்னை விட்டுவைக்குமா?

ஆகவே பின் வாங்குவது டீச்சரம்மாவுக்குப் பெண் கொடுக்கிற காரியம். பாரிமுனையில் தையல் சாமான் விற்கும் கடைக்காரர் அவரைப் பார்த்ததுமே டீ சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வார்.

"ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தானே?"

"துருவே பிடிக்காதும்மா."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

"அது நிக்கல் பூச்சும்மா. இது அசல். பாருங்க, காந்தம்கூட ஒட்டலை."

"பித்தளைகூடத்தான் காந்தத்துல ஒட்டாது. சின்னப் பாக்கெட் ஒண்ணு குடுங்க. பாஸாச்சுன்னா மறுபடி வர்றேன்."

வீட்டுக்கு வந்ததும் பரீட்சை. ஈர வெள்ளைத் துணியில் நாலு பின்னை வரிசையாகக் குத்தி, மடித்து, இரண்டு ராத்திரி வைப்பார். துணி வெள்ளையாகவே இருந்தால் பாஸ். லேசாகப் பழுப்பு தட்டினாலும் ஃபெயில், கருணை மதிப்பெண் கிடையாது. தலை 'டி' வடிவத்தில் இருப்பதுதான் அவருக்கு உசத்தி. அழுத்துகிற விரலுக்கு இடம் உண்டு, லேஸ் ஓட்டைக்குள் தலை நழுவாது. மணித்தலைப் பின்னில் கண்ணாடி மணியை ஏற்பார், பிளாஸ்டிக் மணியை வாசலோடு அனுப்பிவிடுவார். இஸ்திரிப் பெட்டியின் ஆவி பட்டு அது உருகி நூலில் ஒட்டியதை ஒருமுறை பார்த்தவர்கள் யாரும் இரண்டாவது முறை வாங்குவதில்லை. பருத்த பின்னும் ஆகாது, மெல்லிய நூலின் இழையைப் பிரித்துவிடும்.

எண்ணிக் குத்துவார், எண்ணி எடுப்பார். பின்னின் தலை வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் இழுவை தாங்கும். கணக்கில் ஒன்று குறைந்தால் வீட்டில் ஊரடங்கு. இருக்கிற இடத்தைவிட்டு யாரும் காலெடுத்து வைக்கக்கூடாது. இதில் ஒரு கொடுமை உண்டு. மட்டமான பின்னாக இருந்தால் காந்தத்தைத் தரையில் உருட்டினால் தானே வந்து ஒட்டிக்கொள்ளும். நல்ல ஸ்டெயின்லெஸ் பின் காந்தத்துக்கு அவ்வளவாக மசியாது. தரம் பார்த்து வாங்கியதற்குத் தண்டனையாக, குடும்பமே செல்போன் விளக்கோடு சோபாவுக்கடியில் மண்டியிட்டுக் கிடக்கும். பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கணவர் அப்படிக் கிடந்தபடியே ஒரு நாள் வாய் திறந்தார். 1776-லேயே ஆடம் ஸ்மித் எழுதிவிட்டாராம், பத்துப் பேர் வேலையைப் பிரித்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 48,000 பின் செய்யலாமென்று.

"செஞ்சிருப்பாங்க. தொலைஞ்சதை யார் தேடினாங்கன்னு எழுதியிருக்காரா?"

பேராசிரியர் மறுபடி குனிந்துகொண்டார்.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு பின்னையும் பருத்தித் துணியில் துடைத்து, மின்விசிறிக்கடியில் ஆறவைத்து, பழைய ஃபிலிம் ரோல் டப்பாவில் போடுவார். கூடவே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். அந்தக் குடியிருப்பில் யார் புதுச் செருப்பு, புதுக் கைப்பை வாங்கினாலும் உள்ளே கிடக்கிற அந்தப் பொட்டலம் நேராக டீச்சரம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். வளைந்த பின்னுக்கும், முனை மழுங்கி நூலைக் கொக்கி போட்டு இழுக்கிற பின்னுக்கும் கட்டாய ஓய்வு. அவை குடியிருப்போர் சங்கத்து அறிவிப்புப் பலகைக்குப் போகும். சங்கத்துக்கு அவர் செய்கிற ஒரே தானம் அது.

2016 ஜனவரியில் 'மதர் இண்டியாஸ் குரோஷே குவீன்ஸ்' குழுவினர் சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் குரோஷா போர்வையைப் பரப்பி கின்னஸ் சாதனை படைத்தார்கள். ஊரே வாயைப் பிளந்தது. டீச்சரம்மா செய்தியை இரண்டு தரம் படித்துவிட்டுக் கேட்டார்: "இதுக்குப் பின் யார் குடுத்தது?"

இப்படிப்பட்டவர் வீட்டுக்குத்தான் அவர் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். கேசரி, பஜ்ஜி எல்லாம் முறைப்படி நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளைப் பையன் சோபா காலோரம் எதையோ குனிந்து எடுத்தான். பின். போன வாரத்து ஊரடங்கில் கிடைக்காமல் போன அதே பின். கைக்குட்டையை எடுத்து அதைத் துடைத்தான். முனையைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, தலைப்பக்கமாக நீட்டினான்.

"ஆன்ட்டி, இது கீழே கிடந்துச்சு."

டீச்சரம்மா கணவரைச் சமையலறைக்குள் இழுத்துப் போனார்.

"ஜாதகத்தை அப்புறம் பார்த்துக்கலாம். மண்டபம் எப்போ கிடைக்கும்னு கேளுங்க."

திரும்பி வந்தபோது பையனின் அம்மா எழுந்து நின்று முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தார். "மடிப்பு நிக்க மாட்டேங்குது. நல்லதா ஒரு பின் இருக்குமாங்க?"

"சேஃப்டி பின் தர்றேன், சம்பந்தி."