ரயில் போன தடத்தில் ஊர் பிழைக்குமா?

கைவிடப்பட்ட ரயில் பாதைகளை நடைபாதையாக்கினால் ஊருக்கு வருமானம் வருமாமே, நம்பலாமா?
– ஒரு வாசகர், முசிறி

தாராளமாக நம்பலாம். நியூசிலாந்தின் ஒடாகோ பகுதியில் 1990-ல் ரயில் நின்றது. 2000-ல் அதே தடத்தைச் சுமார் 150 கிலோமீட்டர் சைக்கிள் பாதையாகத் திறந்தார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. பிறகு காசு எப்படி வந்தது? காரில் போனால் அந்தச் சிற்றூர்களைச் சில மணி நேரத்தில் தாண்டிவிடலாம். சைக்கிளில் நான்கைந்து நாள் ஆகும். இரவில் தலைசாய்க்க இடம் வேண்டும், மூன்று வேளை வயிறு கேட்கும், டியூப் பஞ்சராகும். ஆளில்லாமல் சோர்ந்து கிடந்த ஊர்களில் பழைய வீடுகள் விடுதிகளாயின. காரில் பறக்கிறவர் பெட்ரோல் பங்கில் கொடுக்கும் காசை, சைக்கிளில் வருகிறவர் ஊர் முழுக்கக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

இன்னொரு வசதி: ரயிலுக்குச் செங்குத்தான ஏற்றம் ஆகாது. அதனால் தடம் சமமாக இருக்கும், மூட்டு வலிக்காரர்களும் நடக்கலாம். கரையும் சிறுபாலங்களும் ஏற்கெனவே போட்டு வைத்தவை.

தமிழ்நாட்டில் அப்படி ஒரு தடம் உண்டா?
– ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

மயிலாடுதுறை–தரங்கம்பாடி! 1926-ல் தொடங்கிய ரயில் 1980களில் நின்றுபோனது. வழியில் இருக்கும் ஊர்களைப் பாருங்கள். செம்பனார்கோவில், ஆக்கூர். அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் குடும்பம் குடும்பமாகத் திரளும் திருக்கடையூர். தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் உயிர்விட்ட வள்ளியம்மையின் தில்லையாடி. அப்புறம் பொறையார். முடிவில் கடலோரம் 1620-ல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய கோட்டை. இத்தனையும் ஒரே கோட்டில், ஏற்ற இறக்கமில்லாத டெல்டா மண்ணில்! இன்று வருகிறவர்கள் கோவிலில் கும்பிட்டு, கோட்டையில் படம் எடுத்து, சாயங்காலமே காரைத் திருப்பிவிடுகிறார்கள். தங்கினால்தானே ஆக்கூரில் இளநீர் விற்பவருக்கும் பொறையாரில் அறை வைத்திருப்பவருக்கும் பிழைப்பு!

அந்த ஊர்க்காரர்கள் ரயில் கேட்கிறார்கள். நீங்கள் நடக்கச் சொல்கிறீர்களே?
– ஒரு வாசகர், குளித்தலை

ரயில் வரட்டும், முதல் ஆளாக ஏறுவேன். நான் பதறுவது நிலத்துக்காக. ரயில் நின்ற தடத்தில் முதலில் முள் முளைக்கும், பிறகு வேலி, அப்புறம் வீடு. நடுவில் ஒரு துண்டு போனாலும் நீண்ட கோடு அறுந்துவிடும். நாளை அதைத் திரும்பச் சேர்க்கக் கோடிகளும் வழக்குகளும் வேண்டும். அமெரிக்காவில் 1983-லேயே இதற்குச் சட்டத்தில் வழி செய்தார்கள்: ரயில் திரும்ப வரும்வரை தடம் நடைபாதையாக இருக்கலாம், நிலம் மட்டும் முழுசாக இருக்க வேண்டும். நம் ஊருக்கும் இதுதான் பொருந்தும்.

பாதை வந்தால் மனை விலை ஏறுமா?
– ஒரு வாசகர், துறையூர்

ஏறும். அதுதான் எனக்குக் கவலையும். நியூயார்க்கில் 1980-ல் கடைசிச் சரக்கு ரயில் போன மேம்பாதையை 2009 முதல் பூங்காவாகத் திறந்தார்கள். சுற்றிலும் பளபளவென்று மாடிக் கட்டடங்கள் எழும்பின, வாடகை எகிறியது. அதனால் நம் ஊரில் பாதையோரக் கடைகளை அந்தந்த ஊர்க்காரர்களுக்கே ஒதுக்குவதைத் தொடக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.

சிங்கப்பூரில் மகன் வீட்டுக்குப் போகிறேன். அங்கே பார்க்க ஏதாவது?
– ஒரு வாசகி, தொட்டியம்

மலாயா ரயில் ஓடிய தடம்! 2011-ல் சிங்கப்பூர் கைக்கு வந்த நிலம், 24 கிலோமீட்டர். இவ்வளவு விலையுள்ள மண்ணில் அதைக் கூறுபோடாமல் பசுமைப் பாதையாக வைத்திருக்கிறார்கள். புக்கிட் திமா ஸ்டேஷனைப் புதுப்பித்திருக்கிறார்கள். பக்கத்திலிருந்த ஊழியர் குடியிருப்பு காபிக்கடையானது. மகனை விடிகாலையில் எழுப்பிக் கூட்டிப் போங்கள், வெயில் ஏறினால் நடக்க முடியாது.

முசிறிக்கு ரயிலே கிடையாது. இதையெல்லாம் கேட்டு எங்களுக்கு என்ன ஆகப்போகிறது?
– இன்னொரு வாசகர், முசிறி

எதிர்க்கரையில் குளித்தலை ஸ்டேஷன் இருக்கிறது. இறங்கிப் பாலத்தைக் கடந்தால் உங்கள் ஊர்! காவிரிக் கரையிலும் வாய்க்கால் கரையிலும் நிழலோடு ஒரு நடைபாதை போட்டால், திருச்சிக்காரர்கள் ஞாயிறு காலை ரயிலேறி வருவார்கள். கோரைப்பாய் நெய்வதைப் பார்ப்பார்கள், ஒன்றை வாங்கிச் சுருட்டிக்கொள்வார்கள், வாழையிலையில் சாப்பிடுவார்கள். அலங்கார வளைவு, கல்வெட்டு எல்லாம் பிறகு ஆகட்டும். குடிதண்ணீரும், பெண்கள் தயங்காமல் நுழையக்கூடிய சுத்தமான கழிவறையும் முதல் நாளே வேண்டும். சூழல்நலக் கழிவறையைக் கட்டிக்காட்டிய முசிறிக்கு அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரிய திட்டம் வரும்வரை காத்திராமல், ஒரு கிலோமீட்டருக்கு நிழல்மரம் வைக்கச் சொல்லி நகராட்சியில் இந்த மாதமே மனு கொடுங்கள்.