இணையம் இல்லாதவர்கள் இணையத்தில் பார்க்கவும்

சிங்கப்பூரின் கிளமெண்டியில், வீவக அடுக்குமாடி வீட்டில் கண்ணாடியிழை இணையம் மின்னல் வேகம்தான், கணினி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் இரவு வரை. விடிந்தால் ரவுட்டரில் பச்சை விளக்கு எரியும், கணினியோ 169.254 என்று தனக்குத்தானே முகவரி சூட்டிக்கொண்டு யாரோடும் பேசாது.

2016 டிசம்பரில் விண்டோஸ் 10 பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் பலரை இப்படித்தான் துண்டித்தது. மைக்ரோசாப்ட் உடனே வழி சொன்னது: ஷட்டவுன் வேண்டாம், ரீஸ்டார்ட் செய்யுங்கள். (ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருந்தால் ஷட்டவுன் அரைத்தூக்கம்தான்.) அருமையான யோசனை. அதை அறிவித்த இடம், அவர்களுடைய இணையத்தளம்! டிசம்பர் 13 அன்று திருத்தம் வந்தது. அதுவும் இணையம் வழியே.

கிளமெண்டியில் கடைசிப் புகலிடம் எதிர்வீட்டுப் பாலிடெக்னிக் பையன். மடிக்கணினியைத் தொடுமுன்பே கேட்பான்: "அங்கிள், ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?"