பள்ளிக்கூடம் கட்டப்போற மாப்பிள்ளைக்கு

வாரும் மாப்ளே, இப்படித் திண்ணையில இரும். பள்ளிக்கூடம் ஆரம்பிக்கப் போறீராமே? ஊரே பேசிக்கிடுது. நல்ல காரியந்தான். ஆனா என்ன பாடம் நடத்தலாம்னு இப்பவே மண்டையை உடைச்சுக்கிடாதேயும். அது உம்ம கையிலயா இருக்கு?

மொதல்ல பைல் ஒண்ணு வாங்கும், தடியாப் பாத்து. கட்டட உரிமம், உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று, தீயணைப்புக்காரங்க சான்று, எல்லாம் சேர்ந்தாத்தான் அங்கீகாரம். அதுவும் ஆயுசுக்கு இல்ல, காலம் முடிஞ்சா திரும்ப நடையா நடக்கணும். ஒண்ணு மட்டும் கேளும்: தீயணைப்புச் சான்றுல வெளையாடிராதேயும். 2004-ல கும்பகோணத்துல 94 பிள்ளைக தீயில கருகுனதுக்கு அப்புறமும் அதை வெறுங் காகிதம்னு நெனைக்கிறவன் மனுசனே இல்ல.

பாடத்துக்கு வாரேன். ஸ்டேட் போர்டு, மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல்னு நாலாக் கெடந்ததை ஒண்ணாக்கி 2010-ல சமச்சீர்க் கல்விச் சட்டம் போட்டாக. மொத வருசம் ஒண்ணாப்பும் ஆறாப்பும். மத்த வகுப்புக்கும் புஸ்தகம் அடிச்சு அடுக்கியாச்சு. 2011 மே மாசம் ஆட்சி மாறுச்சு. தரம் பத்தாது, பொறகு பாப்போம்னு ஜூன்ல சட்டத்தையே திருத்திட்டாக. பிள்ளைக பள்ளிக்கூடத்துல, புஸ்தகம் குடோன்ல, சர்க்கார் கோர்ட்டுல! திருத்தம் செல்லாதுன்னுச்சு ஹைகோர்ட்டு. ஆகஸ்ட் 9-ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லி, 10 நாளைக்குள்ள அமல்படுத்துன்னுருச்சு.

புஸ்தகம் வந்துச்சு. எப்படி? புது ஆட்சிக்கு ஆகாத பக்கத்துல ஸ்டிக்கர் ஒட்டி, ஆகாத வரியில கருப்பு மை பூசி. ஒட்டுன தாளைக் கண்டா நகத்தால சுரண்டிப் பாக்காத பிள்ளை உண்டா மாப்ளே? அந்த வருசம் கண்ணும் கருத்துமாப் படிச்ச பக்கம் அதாத்தான் இருக்கும். அதனால லேப் சாமானுக்கு முந்திப் பசை டப்பா வாங்கி வையும். தேர்தல் வருசம்னா ரெண்டா வாங்கும்.

பேர்ப்பலகையில ‘மெட்ரிகுலேஷன்’னு கொட்டை எழுத்துல போட மறந்துராதேயும். பாடம் ஒண்ணாகி இத்தனை வருசம் ஆச்சு, பலகை எங்க மாறுச்சு? அதைப் பாத்துத்தானே பீஸு கட்டுறாக. கையில காசு நெறையப் பொரளுதுன்னா சி.பி.எஸ்.இ. பக்கம் தாவிரும். சமச்சீர்ப் பாடம் அந்தக் காம்பவுண்டு சுவரைத் தாண்டாது.

எடத்துக்கு எங்கயும் அலைய வேண்டாம். ரோட்டோரம் என் தரிசு சும்மாத்தானே கெடக்கு, வெலையை இன்னைக்கே பேசி முடிச்சிருவோம். பக்கத்து வயக்காரன் என்ன வெலைக்குக் கொடுத்தான்னு மட்டும் இழுக்காதேயும். நெலத்துல சமச்சீர் கெடையாது.